ஓசியில் வந்த டிராமிசுவுக்கு டிப்ஸ் உண்டா?

கேள்வி: நாங்கள் டாலஸில் இருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியாரை ஓர் இத்தாலிய ரெஸ்டாரன்ட்டுக்கு அழைத்துப் போனோம். மாமியார் சுத்த சைவம். ஆர்டர் எடுத்த சர்வர் பெண்ணிடம் அதைச் சொன்னோம், அவரும் இரண்டு தடவை கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆனாலும் வந்த பாஸ்தாவில் பன்றி இறைச்சித் துண்டுகள். நல்லவேளை, மாமியார் வாயில் வைக்கும் முன் பார்த்துவிட்டேன். மேனேஜர் ஓடிவந்து, சமையலறையில் தட்டு மாறிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார். புதிதாக ஒரு பாஸ்தா செய்து கொடுத்தார்கள், அதற்குக் காசு வாங்கவில்லை. கூடவே ஒரு ஸ்டார்ட்டரும், டிராமிசு என்கிற இத்தாலிய இனிப்பு இரண்டும் இலவசம். பில்லில் மொத்தம் 56 டாலரைக் கழித்து, 118 டாலர் போட்டிருந்தார்கள். கழித்ததையும் சேர்த்து முழுத் தொகைக்கு டிப்ஸ் வைக்கலாம் என்றேன். மாமனாரோ, "தப்புப் பண்ணினவங்களுக்கு டிப்ஸ் வேற குடுப்பீங்களா?" என்றார். கடைசியில் கணவர் கார்டு சீட்டில் டிப்ஸ் என்று 12 டாலர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. யார் சொன்னது சரி? இன்னொன்று: இங்கே எங்களுக்குத் தெரிந்த தமிழர் ஒருவர் உணவகம் நடத்துகிறார். எப்போது போனாலும் பில்லே தர மாட்டார். அங்கே என்ன செய்வது?

- ஒரு வாசகி, டாலஸ்

பதில்: நீங்கள் சொன்னதுதான் சரி. இலவசமாக வந்தாலும் கழித்துக் கொடுத்தாலும், அந்தச் சாப்பாட்டுக்கு வழக்கமாக என்ன விலையோ அதை வைத்துத்தான் டிப்ஸ் கணக்குப் போட வேண்டும். உங்கள் மேசையில் சாப்பிட்டது 174 டாலருக்கு. அமெரிக்காவில் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் இன்றைக்கு 18 முதல் 20 சதவீதம் வழக்கம். 20 சதவீதம் என்றால் 34 டாலர் 80 சென்ட். உங்கள் கணவர் எழுதிய 12 டாலர், 174-இல் ஏழு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

மாமனார் மேல் கோபப்படாதீர்கள். அவர் பழகிய ஊரில் டிப்ஸ் என்பது சம்பளத்துக்கு மேல் கிடைக்கிற சந்தோஷக் காசு. பில் வைக்கிற அட்டைக்குள், சோம்புக்குப் பக்கத்தில், இருபதோ ஐம்பதோ வைத்துவிட்டு எழுந்து வருவோம். வைக்காவிட்டாலும் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. பில்லில் தானாகவே சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தப் பழக்கத்தோடு விமானம் ஏறியவருக்கு டாலஸ் கணக்கு விநோதமாகத்தான் தெரியும்.

டாலஸ் இருக்கிற டெக்சஸ் மாநிலத்தில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-இல் வந்த இந்தத் தொகை இன்றுவரை ஒரு சென்ட்கூட ஏறவில்லை. மற்ற வேலைகளுக்கான குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர், அதுவும் 2009-இலிருந்து அப்படியே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்புவது டிப்ஸ்தான். டிப்ஸ் சேர்ந்தும் 7.25 வராவிட்டால் மீதியை முதலாளி போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் அந்த 7.25-ஐ வைத்துக்கொண்டு டாலஸில் யார் வாடகை கட்டுவது? கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்களில் சர்வர்களுக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி உண்டு. நீங்கள் இருப்பது அங்கே இல்லை.

போதாக்குறைக்கு, நீங்கள் எழுதுகிற டிப்ஸ் முழுவதும் அந்தப் பெண் கையில் நிற்காது. மேசை துடைப்பவருக்கும் பானம் கலந்து தருபவருக்கும் அதிலிருந்து பங்கு போகும். பல இடங்களில் அந்தப் பங்கை, சர்வர் அன்றைக்கு எவ்வளவு விற்றார் என்பதை வைத்துக் கணக்கிடுவார்கள். உங்கள் மேசையில் டிப்ஸ் குறைந்தது என்பதற்காக அவர் கொடுக்க வேண்டிய பங்கு குறையாது.

சரி, தப்பு நடந்ததே? நடந்தது, சின்னத் தப்பும் இல்லை. சுத்த சைவம் சாப்பிடுகிற ஒரு பெரியவர் தட்டில் பன்றி இறைச்சி வந்தால் யாருக்கும் பற்றிக்கொண்டுதான் வரும். ஆனால் சர்வர் இரண்டு முறை கேட்டுக் குறித்துக்கொண்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சமையலறையில் மாறியது என்று மேனேஜரும் ஒப்புக்கொண்டார். அதற்கான தண்டத்தைக் கடை கட்டிவிட்டது: அந்த 56 டாலர் கடையின் பணம். டிப்ஸில் நீங்கள் குறைத்த இருபத்துச் சொச்சம் டாலர் சர்வரின் பணம். யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு வேலை கூடத்தான் செய்தது. தட்டைத் திருப்பி எடுத்துப் போனார், மேனேஜரை அழைத்து வந்தார், இரண்டாவது பாஸ்தாவுக்காகச் சமையலறை வாசலில் நின்றார், கேட்காத டிராமிசுவையும் தூக்கி வந்தார்.

தப்பு சர்வருடையதாகவே இருந்திருந்தால்? அப்போதும் முழுத் தொகைக்கு 15 சதவீதம் வைத்துவிட்டு, மேனேஜரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வருவேன். டிப்ஸைக் குறைத்தால் எதற்காகக் குறைத்தோம் என்று அவர்களுக்குப் புரியாது. கஞ்சர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஒரு சின்ன விலக்கு. திருப்பி அனுப்பிய அந்த முதல் பாஸ்தாவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சாப்பிட்ட பாஸ்தா ஒன்று, அதற்கு ஒரு முறை போதும்.

இனிமேல் பில் வந்ததும் இரண்டு இடங்களைப் பாருங்கள். இலவசமாகக் கொடுத்ததைப் பெரும்பாலும் விலையோடு அச்சிட்டு, கீழே கழித்தல் குறி போட்டிருப்பார்கள். கழிப்பதற்கு முன்னால் உள்ள தொகைதான் உங்களுக்கு வேண்டியது. அப்புறம், அடியில் 18, 20, 22 சதவீதம் என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். சில இயந்திரங்கள் கழித்த பிறகு உள்ள தொகைக்குக் கணக்குப் போடும், சில வரியையும் சேர்த்துப் போடும். டாலஸ் விற்பனை வரி 8.25 சதவீதம், உங்கள் 118 டாலருக்கு 9 டாலர் 74 சென்ட். அரசாங்கத்துக்குப் போகிற பணத்துக்கு டிப்ஸ் தேவையில்லை. ஆறு பேர், எட்டு பேர் என்று கூட்டமாகப் போனால் பல ரெஸ்டாரன்ட்டுகளில் 18 அல்லது 20 சதவீதத்தை அவர்களே சேர்த்துவிடுவார்கள். அதைக் கவனிக்காமல் இன்னொரு தடவை எழுதிவிட்டு வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர்.

கூப்பனுக்கும் தள்ளுபடிக்கும் இதே கணக்குதான். ஆனால் மெக்சிகன் கடையில் உட்கார்ந்ததும் தானாக வருகிற சிப்ஸும் சால்ஸாவும் வேறு. அது காய்கறிக்காரர் பைக்குள் போடுகிற கறிவேப்பிலைக் கொசுறு மாதிரி, எல்லோருக்கும் வருவது. அதற்கெல்லாம் விலை தேடி உட்காராதீர்கள்.

இனி உங்கள் தமிழ் நண்பர். இது கொஞ்சம் சங்கடமான இடம். பில்லே இல்லை என்றால் கார்டு சீட்டும் இல்லை, டிப்ஸ் எழுத இடமும் இல்லை. அதனால் அங்கே போகும்போது கையில் ரொக்கம் வேண்டும். மெனுவைப் பார்த்தால் சாப்பிட்டது எத்தனை டாலர் வரும் என்று உத்தேசமாகத் தெரிந்துவிடும். அதில் 20 சதவீதத்தை மடித்து, பரிமாறிய பையனிடம் நேராகக் கொடுங்கள். கல்லாவில் வைத்தால் நண்பர் "அட, என்னங்க இது" என்று திருப்பித் தந்துவிடுவார், பையனுக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஊழியர்களின் டிப்ஸை முதலாளியோ மேனேஜரோ எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-இல் அமெரிக்க மத்திய அரசுச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். உங்கள் நண்பர் அப்படிப்பட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் வேலை செய்தவர் கையில் நேரே சேர்வது நல்லது.

நண்பரே பரிமாறினால் டிப்ஸ் கொடுக்காதீர்கள், மனசு கோணும். அவர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பழமோ ஸ்வீட்டோ வாங்கிப் போங்கள். அதைவிட உருப்படியான காரியம், வீட்டில் பிறந்தநாள், சீமந்தம் என்று வரும்போது பிரியாணி ட்ரேயோ இட்லி ட்ரேயோ அவரிடமே ஆர்டர் கொடுத்து முழு விலை கொடுப்பது. அதற்கு அவரால் காசு வேண்டாம் என்று சொல்ல முடியாது. சும்மா சாப்பிடப் போகும்போதும் மூன்று தடவைக்கு ஒரு தடவையாவது அடம்பிடித்துப் பில் கேளுங்கள். தொடர்ந்து பில் இல்லாமலே சாப்பிட்டால், கொஞ்ச நாளில் அந்தக் கடைப் பக்கம் போகவே உங்களுக்குக் கூச்சமாகிவிடும்.

அந்த இத்தாலிய ரெஸ்டாரன்ட்டுக்கு இதற்காகவே ஒரு நடை போக வேண்டியதில்லை. எப்போதாவது மறுபடி போனால், வாசலில் இடம் காட்டுகிறவரிடம் அதே பெண் பார்க்கிற மேசையைக் கேட்டு வாங்குங்கள், விட்டுப்போன இருபதையும் அன்றைய டிப்ஸோடு சேர்த்துக் கொடுங்கள். மாமனாரிடம் அந்த 2.13 கணக்கைச் சொல்லிப் பாருங்கள். கேட்டுக்கொண்டால் நல்லது. இல்லையென்றால், இனிப்பு வரும் நேரத்தில் கை கழுவப் போகிற சாக்கில் எழுந்து போய், சர்வரிடம் கார்டைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.