நிற்காத புரோகிராமை முன்கூட்டியே பிடிக்க முடியுமா?

கேள்வி: ஹட்டனில் உயர்தர (ஏ/எல்) வகுப்பு மாணவர்களுக்குத் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் பைதன் என்ற கணினி மொழியில் எழுதும் பயிற்சிகளைத் திருத்த ஒரு சின்னப் புரோகிராம் வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளையின் விடை முடிவில்லாத லூப்பில் மாட்டி, அதே வரிகளையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தால் மொத்தத் திருத்தலும் அப்படியே தொங்கிவிடுகிறது. ஓட்டிப் பார்க்காமலே "இது நிற்கும், இது நிற்காது" என்று சொல்லும் சோதனை ஒன்றை எழுதலாமா?

பதில்: எல்லாப் புரோகிராம்களுக்கும் சரியாகப் பதில் சொல்லும் சோதனையை யாராலும் எழுத முடியாது, டீச்சர். உங்கள் கணினி பழையது என்பதாலோ பைதனில் வசதி இல்லை என்பதாலோ அல்ல. 1936இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் அலன் டூரிங் எழுதிய கட்டுரையிலிருந்து வரும் முடிவு இது. அப்போது இன்றைய மாதிரிக் கணினியே கிடையாது. நல்ல வேளை, உங்கள் வேலைக்கு அப்படி ஒரு சோதனை தேவையும் இல்லை.

ஏன் முடியாது என்பதை உயர்தரப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுக்கலாம். சோதனையை எழுதிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அதை உள்ளே வைத்து 'குறும்பன்' என்று இன்னொரு புரோகிராம் எழுதுகிறோம். குறும்பனிடம் ஒரு புரோகிராமின் வரிகளைக் கொடுத்தால், "இந்த வரிகளையே இதற்கு உள்ளீடாகக் கொடுத்தால் நிற்குமா?" என்று சோதனையிடம் கேட்கும். நிற்கும் என்று பதில் வந்தால் குறும்பன் வேண்டுமென்றே முடிவில்லாத லூப்பில் விழும். நிற்காது என்று வந்தால் உடனே நின்றுவிடும். இப்போது குறும்பனிடம் குறும்பனையே கொடுங்கள். சோதனை எந்தப் பதிலைச் சொன்னாலும் குறும்பன் அதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும். ஆகவே அந்தச் சோதனை இருக்கவே முடியாது.

இது வெறும் வார்த்தை விளையாட்டு என்று ஒரு பிள்ளை சொல்லக்கூடும். அந்தப் பிள்ளைக்கு இதைக் கொடுங்கள்: 4, 6, 8 என்று இரட்டை எண்களாகப் போய், இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுத முடியாத எண் வந்ததும் நிற்கும் புரோகிராம். பத்துப் பதினைந்து வரிதான். அது நிற்குமா என்று தெரிந்தால், அப்படி எழுத முடியாத எண்ணே இல்லை என்று சொல்லும், 1742இலிருந்து தீராமல் கிடக்கும் கோல்ட்பாக் ஊகம் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

சரி, திருத்தலுக்கு வருவோம். ஹட்டன் ஸ்டேஷனில் பதுளைக் கோச்சிக்குக் காத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். வந்துவிட்டால் வந்தது தெரியும். இன்னும் வரவில்லை என்பதை மட்டும் வைத்து, இனி வரவே வராது என்று சொல்ல முடியாது. புரோகிராமும் அப்படித்தான், நிற்பதைக் கண்ணால் காணலாம், நிற்காததை வெறுமனே காத்திருந்து அறிய முடியாது. ஆகவே நேரத்துக்கு வரம்பு வையுங்கள். ஒவ்வொரு விடையையும் தனியாக ஓட்டி, நேரம் கடந்தால் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இன்னொரு புரோகிராமைத் தனியாக ஓட்டுவதற்கான பைதனின் சப்புராசஸ் தொகுதியில் 'டைம்அவுட்' என்று இதற்கென்றே ஒரு வசதி உண்டு. எவ்வளவு நேரம் என்றால், உங்கள் மாதிரி விடை அதே கணினியில் எடுக்கும் நேரத்தைப் போல் பத்து மடங்கு கொடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். நேரம் கடந்த விடைக்கு "முடிவில்லாத லூப்" என்று எழுதாதீர்கள், "நேரத்துக்குள் முடியவில்லை" என்று மட்டும் எழுதுங்கள். மெதுவாக ஓடும் சரியான விடையாகவும் அது இருக்கலாம். அப்படிப்பட்டதை நீங்களே ஒருமுறை வாசித்துப் பார்த்துவிடுங்கள்.

தொங்குவதெல்லாம் லூப் என்றும் நினைக்க வேண்டாம். பல தடவை புரோகிராம் உள்ளீட்டுக்காகக் காத்துக்கொண்டு இருக்கும், அவ்வளவுதான். தேவையான உள்ளீட்டை முன்கூட்டியே ஒரு கோப்பிலிருந்து கொடுத்தால் அந்தத் தொல்லை போய்விடும். தன்னைத்தானே முடிவில்லாமல் அழைக்கும் ஃபங்ஷனைப் பற்றிக் கவலை வேண்டாம், சாதாரணமாக 1000 அழைப்பு அளவில் பைதனே பிழை காட்டி நிறுத்திவிடும். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை ஓடும் 'ஃபோர்' லூப் என்றால் பயமில்லை என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். ஒரு பட்டியலைச் சுற்றிவரும்போதே அதன் கடைசியில் புதிதாகச் சேர்த்துக்கொண்டு போனால் அதுவும் நிற்காது.

டூரிங் சொன்னது எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே சோதனை இல்லை என்பதுதான். குறிப்பிட்ட ஒரு புரோகிராம் நிற்கும் என்று தாராளமாக நிறுவலாம். அதற்கான வழியையும் 1949இல் அவரே ஒரு கட்டுரையில் காட்டினார்: சுற்றுக்குச் சுற்று குறையும், ஆனால் பூச்சியத்துக்குக் கீழே போகாத ஒரு முழு எண்ணைக் காட்டுங்கள். பொதுக்காரணிகளுள் பெரியதைக் காணும் யூக்ளிட் முறையில் மீதி அப்படிக் குறைந்துகொண்டே வரும். ஒரு நிபந்தனை சரியாக இருக்கும்வரை சுற்றும் 'வைல்' லூப்பை எழுதும் ஒவ்வொரு பிள்ளையும் "எது குறைகிறது" என்று மேலே ஒரு வரிக் குறிப்பு எழுத வேண்டும் என்று சொல்லி, அதற்கு ஒரு மார்க் வையுங்கள். என் அபிப்பிராயத்தில் எந்தச் சோதனைப் புரோகிராமையும்விட இது அதிக லூப்பைப் பிடிக்கும்.

ஆனால் கொலாட்ஸ் கணக்கைக் கொடுத்தால் அந்த மார்க்கை எடுத்துவிடுங்கள், அங்கே எது குறைகிறது என்று யாருக்கும் தெரியாது. இரட்டை என்றால் பாதியாக்கு, ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு, 1 வந்ததும் நிறுத்து. 27இல் தொடங்கினால் 9232 வரை ஏறி 111 படியில் 1க்கு வரும். எல்லா எண்ணும் இப்படி வருமா என்பதை இன்றுவரை யாரும் நிறுவவில்லை.