மழைக்கப்புறம் மீன் சாகுது, ரிப்போர்ட்ல அலுமினியம் இருக்கு, தண்ணி விஷமா?

கேள்வி: மழை பெஞ்சு கரைத்தண்ணி குளத்துக்குள்ள வந்தாலே மீன்குஞ்சு மேல வந்து வாயைப் பொளக்குது, அப்புறம் செத்து மிதக்குது. லேப்ல மொத்த அலுமினியம் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம்னு குடுத்திருக்காங்க. இதுதான் காரணமா சார்?

பதில்: வணக்கம்ணா. அந்த 0.8ஐ மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க. மொத்த அலுமினியம் பாக்கறப்போ சாம்பிள்ல ஆசிட் விட்டுடுவாங்க, கலங்கல் தண்ணியா இருந்தா களிமண் துகள்ல இருக்கறதும் கொஞ்சம் கரைஞ்சு வந்து கணக்குல சேந்துடும், ஆனா அதெல்லாம் மீனைக் கொல்றது இல்ல. இலைதழை மக்கி டீ கலர்ல இருக்குமே அந்தத் தண்ணில மக்கு அமிலம் பிடிச்சு வச்சிருக்கற அலுமினியமும் பெருசா கெடுதல் பண்ணாது. செவுளைத் தாக்குறது எதையும் பிடிச்சுக்காம தனி அயனியாவும் ஹைட்ராக்சைடோட சேந்தும் திரியுறதுதான், பிஎச் (தண்ணியோட அமிலத்தன்மையைக் காட்டுற அளவு, 7க்குக் கீழன்னா அமிலம்) 5லருந்து 6க்குள்ள இருந்தா அதோட ஆட்டம் ஜாஸ்தி.

அதைத் தனியா அளக்க வழி இருக்கு. 0.45 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டின தண்ணில ஒரு பங்கை நேரா அளப்பாங்க, இன்னொரு பங்கை அயனி மாத்துற ரெசின் வழியா வேகமா விட்டு அளப்பாங்க. விஷமான பங்கு ரெசின்ல மாட்டிக்கும், மக்கு அமிலத்தோட இருக்கறது வெளிய வந்துடும், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்கு வேண்டிய நம்பர். லேப்ல கேக்கும்போது 'லேபைல் அலுமினியம்'னு சொல்லிக் கேளுங்க. இந்த சாம்பிள்ல ஆசிட் விடவே கூடாது, பாட்டில்ல காத்து நிக்காம கழுத்து வரைக்கும் ரொப்பி மூடி ஐஸ்ல வச்சு அன்னிக்கே குடுத்துடணும், ஏன்னா கரியமில வாயு வெளிய போனா பிஎச் ஏறும், அலுமினியமும் உருமாறிடும். பிஎச்சை அதனாலதான் குளத்தங்கரையிலேயே பாக்கணும், மழைத்தண்ணி உள்ள வர்ற எடத்துலயும் நடுக்குளத்துலயும் தனித்தனியா.

சாகப்போற மீனோட செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்க, சளி கெட்டியாப் படிஞ்சிருந்தா அலுமினியம் மேல சந்தேகம் வரலாம். ஆனா வாயைப் பொளக்கறது ஆக்சிஜன் கொறைஞ்சாலும் வரும்ணா, விடியக்காலைல அதையும் அளந்துடுங்க.

ஒண்ணு மட்டும் தயவுசெஞ்சு பண்ணாதீங்க, மீன் தவிக்குதேன்னு பிஎச் கொறைஞ்ச தண்ணில சுண்ணாம்பை மொத்தமா கொட்டாதீங்க. பிஎச் சடார்னு ஏறுறப்போ அலுமினியம் திரிஞ்சு செவுள் மேலயே படியும், அந்தக் கொஞ்ச நேரந்தான் ரொம்ப மோசம். கரைத்தண்ணியை வேற குழிக்குத் திருப்பி அங்க விவசாய சுண்ணாம்பு (சுண்ணாம்புக்கல் பொடி) போட்டுத் தெளியவிட்டு அப்புறம் குளத்துக்கு விடுங்க.