ஜான் கேஜ்: குன்னூரிலிருந்து சில பதில்கள்

குன்னூர், கோத்தகிரி பக்கத்துப் பழைய பங்களாக்களிலும் தேவாலயங்களிலும் இருக்கிற பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது என் தொழில். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜை (1912–1992) இருபது வருஷமாகக் கேட்டு வருகிறேன். அவரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோத்தகிரி அக்கா: நாலரை நிமிஷம் எதுவும் வாசிக்காமல் ஒரு கச்சேரியாமே, இது ஏமாற்று வேலை இல்லையா தம்பி?

இல்லைங்க அக்கா. 1952 ஆகஸ்ட் 29, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், வுட்ஸ்டாக் ஊர்ப் பக்கம் காட்டுக்குள் ஒரு மரக்கூடம். பியானோ கலைஞர் டேவிட் டூடர் பியானோ முன் உட்கார்ந்து, கட்டைகளின் மேல் மூடியை இறக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். மூன்று பகுதி, மொத்தம் 4 நிமிஷம் 33 விநாடி. முதலில் வெளியே காற்று, அப்புறம் கூரையில் மழைத்துளி, கடைசியில் ஜனங்கள் பேசிக்கொண்டே எழுந்துபோன சத்தம். அதுதான் இசை என்றார் கேஜ். அதற்கு முந்தைய வருஷம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எதிரொலியே இல்லாத ஓர் அறைக்குள் போய் நின்றபோதும் அவர் காதில் இரண்டு சத்தம் கேட்டிருக்கிறது, இரண்டுமே தன் உடம்பிலிருந்து வந்தவை என்று தெரிந்ததும் முழு அமைதி என்று ஒன்று கிடையாது என்ற முடிவுக்கு வந்துவிட்டார். மழைக்காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே படுத்திருக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஊட்டி மாணவர்: பியானோவுக்குள் ஆணி போட்டது ஏன் சார்?

இடம் போதவில்லை, அதுதான் காரணம். 1940-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு நடனத்துக்குத் தாளவாத்தியக் குழு வேண்டியிருந்தது, மேடையில் ஒரு பியானோவுக்குத்தான் இடம். அதனால் பியானோவையே தாளவாத்தியமாக்க, கம்பிகளின் மேல் ஒரு தட்டை வைத்துப் பார்த்தார், துள்ளியது. ஆணி வைத்தார், நழுவியது. மரை உள்ள திருகுதான் கம்பிகளுக்கு நடுவே பிடித்து நின்றது. நானும் கழித்துப்போட்ட ஒரு பியானோவில் செய்து பார்த்தேன். பெரும்பாலான சுரங்களுக்கு மூன்று கம்பி இருக்கும், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு போல்ட்டைச் செருகி, கட்டையை அழுத்தினேன். சுரமே காணாமல் போய், தூரத்தில் யாரோ சேகண்டி தட்டியது போல் ஒரு நாதம் வந்தது. போல்ட்டை அரை அங்குலம் நகர்த்தினால் வேறு நாதம். அன்று முழுக்க அதை விட்டு எழுந்திருக்க மனசு வரவில்லை. ஆனால் தம்பி, வீட்டுப் பியானோவில் செய்துவிடாதே, இந்தப் பனி ஈரத்தில் கம்பி ஏற்கெனவே துருப்பிடித்துக் கிடக்கும்.

கூடலூர் நண்பர்: நம் நாட்டோடு தொடர்பு உண்டா?

நிறைய. 1946-இல் அகமதாபாத்தின் இசைக்கலைஞர் கீதா சாராபாய் நியூயார்க் போய், கேஜிடம் மேற்கத்திய இசை கற்றுக்கொண்டு பதிலுக்கு நம் சங்கீதம் சொல்லிக்கொடுத்தார். காசு வாங்காத பாடம் இரண்டு பக்கமும். இசை எதற்கு என்று கேஜ் கேட்டபோது, மனதை அடக்கி அமைதியாக்கி, தெய்வ அருளுக்குத் திறந்துவைக்க என்று தன் குரு சொன்னதைக் கீதா சொன்னார். கொஞ்சநாளாக இசையை விட்டுவிடலாமா என்று தவித்துக்கொண்டிருந்த மனிதருக்கு அது போதுமாக இருந்தது. அதே சமயம் கொழும்பில் பிறந்த, தமிழ்த் தகப்பனாரின் மகனான கலை அறிஞர் ஆனந்த குமாரசாமியின் எழுத்தையும் படித்து, நவரசத்தை மனதில் வைத்து 1946–48-இல் 'சொனாட்டாஸ் அண்ட் இன்டர்லூட்ஸ்' என்ற பியானோ இசைத் தொகுப்பை எழுதினார். பியானோவில் 45 சுரங்களுக்கு இப்படித் திருகும் ரப்பரும் செருக வேண்டும். அவருடைய வேலைகளில் எனக்கு இதற்கு மேல் எதுவும் இல்லை.

குன்னூர் வாசகி: கேஜுக்கு வருமானம்?

பல வருஷம் கஷ்டம்தாங்க. 1959-இல் இத்தாலியத் தொலைக்காட்சிப் போட்டியில் காளான் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லி 50 லட்சம் லிரா ஜெயித்தார், காளானில் அவ்வளவு ஞானம். அதில் ஒரு பியானோவும், அவர் இசையமைத்துவந்த மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனக் குழு ஊர் ஊராகப் போக ஒரு வேனும் வாங்கினார்.

கொடைக்கானல் தம்பி: எங்கே ஆரம்பிக்கலாம்ணா?

'இன் எ லேண்ட்ஸ்கேப்', 1948. மென்மையான பியானோ, யாரையும் பயமுறுத்தாது. விடியற்காலை, சீகாரப்பூங்குருவி விசிலடிக்கிற நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக் கேளுங்கள். ஹெட்போன் வேண்டாம்.