படகும் காற்றும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் தம்பி ஜெர்மனியில் இருக்கிறான். ஆகஸ்ட் முதல் வாரம் இரண்டு குடும்பமும் சேர்ந்து எட்டுப் பேர், கிரீஸின் சைக்ளடீஸ் தீவுகளைப் பாய்மரப் படகில் சுற்றலாம் என்று திட்டம். 74 வயது அம்மாவும் வருகிறார். ஒற்றை உடல் படகா, இரட்டை உடல் கேட்டமரானா, துருக்கிக்காரர்களின் குலெட் என்ற மரப் படகா? எதில் நான்கு ஏசி அறையும் தனித்தனிக் கழிப்பறையும் இருக்கும்? விசா, சைவச் சாப்பாடு பற்றியும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், கே.கே.நகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

விசாவுக்கு ஒரு முகவரைப் பாருங்கள். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், கிரேக்கர்கள் கத்திரிக்காயும் கொண்டைக்கடலையும் விரும்பிச் சாப்பிடுகிறவர்கள்.

கடிதத்தில் ஏசி வந்திருக்கிறது, கழிப்பறை வந்திருக்கிறது. காற்று எங்கே? பாய்மரப் படகு எடுக்கப் போகிறவர் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே!

தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். மதுரையிலிருந்து நேர் ரோடு, பஸ் ஏறினால் கடல். ஆனால் நம் ஊர்க்காரர்களில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருப்பார்கள்? காற்று வேகம் பிடித்ததும் படகுக்கு வெளியே நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறி உட்கார்ந்து, தங்கள் உடம்பின் கனத்தால் படகைச் சாயாமல் பிடிக்கிறார்கள். கொஞ்சம் தணிந்தால் உள்ளே நகர்கிறார்கள். கரையில் நின்றிருந்த ஒரு பெரியவரிடம், "எந்தப் படகு ஜெயிக்கும்?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சோழகம் எப்படி அடிக்குதுன்னு பாக்கணும்ல" என்றார். நான் படகைக் கேட்டேன், அவர் காற்றைச் சொன்னார்.

நீங்கள் குறித்திருக்கும் வாரம் நமக்கு ஆடி. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்காமல் சுற்றும் காலம். அதே மாதங்களில் சைக்ளடீஸ் தீவுகள் இருக்கும் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று அடிக்கும். இரண்டும் ஒருவகையில் உறவு: நம் பருவமழைக்குக் காரணமான தாழ்வழுத்தம் மேற்கே துருக்கி வரை நீள்கிறது, கிரீஸுக்கு வடக்கே பால்கன் பக்கத்து உயர்வழுத்தத்திலிருந்து காற்று அதை நோக்கி ஓடுகிறது. மணிக்கு 40 முதல் 60 கிலோமீட்டர் வேகத்தில் நாள்கணக்கில் அடிக்கும். வானம் நீலமாகவே இருப்பதால் கரையில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது.

இதில் இன்னொரு வம்பு. ஏதென்ஸ் பக்கம் படகை எடுத்துத் தெற்கே போவது சுகமாக இருக்கும், காற்று முதுகில் தள்ளும். ஆனால் வாரக் கடைசியில் படகைத் திருப்பிக் கொடுக்க அதே காற்றை எதிர்த்து வடக்கே ஏறி வரவேண்டும். அலை முகத்தில் அறையும். அம்மாவை வைத்துக்கொண்டா? இராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் மூன்று முழுக்குப் போட்டது தவிர அவர் வேறு கடல் பார்த்திருப்பாரா? அவருக்கு இந்தப் பயணத்தில் விருப்பமா என்றும் நீங்கள் எழுதவில்லை. முதலில் அவரைக் கேளுங்கள்.

சரி, படகு. ஒற்றை உடல் படகு காற்றில் சாய்ந்துதான் ஓடும். அடியில் நீருக்குள் நீட்டி நிற்கும் 'கீல்' (keel) என்ற கனமான பகுதி அதைக் கவிழ விடாது. ஆனால் பழகாதவர்கள் பயந்துபோவார்கள். கேட்டமரான் அவ்வளவாகச் சாயாது, இடமும் தாராளம். எதிர்க்காற்றில் ஏறுவதில் மட்டும் கொஞ்சம் மந்தம், வாடகையும் கூடுதல். குலெட்டில் மாலுமியும் சமையல்காரரும் உண்டு, பெரும்பாலும் எஞ்சினில்தான் ஓடும். உங்களுக்கு நான் சொல்வது கேட்டமரான். ஆனால் சைக்ளடீஸ் வேண்டாம், கிரீஸின் மேற்குப் பக்கம் லெஃப்கடா, கோர்ஃபு தீவுகளுக்குப் போங்கள். அங்கே கோடையில் பெரும்பாலும் மதியத்துக்கு மேல் காற்று எழுந்து பொழுது சாய அடங்கிவிடும். பிள்ளைகளின் பள்ளி அனுமதித்தால் ஜூனோ செப்டம்பரோ இன்னும் நல்லது.

அப்புறம், கிரீஸில் நீங்களே ஓட்டுவதென்றால் சான்றிதழ் உள்ள ஒருவரும் படகு தெரிந்த இன்னொருவரும் வேண்டும். உங்கள் எட்டுப் பேரில் அப்படி யாரும் இருப்பதாக எழுதவில்லை, ஆகவே ஓட்டுநரை அமர்த்திக்கொள்ளுங்கள். அவருக்கும் படுக்க இடம் வேண்டும், சாப்பாடும் உங்கள் பொறுப்பு. நான்கு அறைக் கணக்கு அங்கேயே இடிக்கிறது. ஏசியைக் குறைத்தாலும் அவர் சம்பளத்தில் பேரம் பேசாதீர்கள்.