பாதர் ஏன் துப்பறிய வேண்டும்?

வணக்கம் அண்ணா,

நான் பெரியகல்லாறு. மெதடிஸ்த சபைக் குடும்பம். சின்ன வயதிலிருந்தே மர்ம நாவல் பைத்தியம், இப்போது நானே ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வாவிக்கரையில் ஒரு கிராமம். காணிக்காரர் ஒருவர் கொலையாகிறார். அந்தப் பங்கின் கத்தோலிக்க பாதர் துப்புத் துலக்குகிறார். முதல் ஐந்து அத்தியாயங்களையும் கடைசி அத்தியாயத்துக்கான குறிப்பையும் இத்துடன் அனுப்புகிறேன்.

இரண்டு பேரிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஞாயிறு பாடசாலை நடத்தும் மாமா, "கொலையையும் கோயிலையும் ஏன் பிள்ளை ஒன்றாகக் கலக்கிறாய்?" என்றார். கம்பஸில் படிக்கும் சிநேகிதி, "கடவுளை நம்புகிறவர் துப்பறிந்தால் கடைசியில் செபம் பண்ணித்தானே கண்டுபிடிப்பார், அதில் என்ன மர்மம்?" என்றாள். விசுவாசமும் மர்மமும் ஒரே கதையில் இருந்தால் ஒன்று மற்றதைக் கெடுத்துவிடாதா? அதோடு, எங்கள் ஊரில் ஒரு பாதர் துப்பறிகிறார் என்றால் யார் நம்புவார்கள்?

வாசகி, பெரியகல்லாறு

அன்பின் தங்கைக்கு,

சிநேகிதிக்குப் பதில் சொல்வது சுலபம். அவருடைய பயம் நூறு வருசப் பழசு. அதற்கு வழி சொன்னவரும் ஒரு கத்தோலிக்கக் குருதான். ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதர் தானும் துப்பறியும் நாவல்கள் எழுதியவர். 1929இல் இந்த வகைக் கதைகளுக்கென்று பத்துக் கட்டளைகள் எழுதினார். இரண்டாவது கட்டளை, அமானுஷ்யம் எதுவும் கதைக்குள் வரக்கூடாது. ஆறாவது, தற்செயலோ காரணம் சொல்ல முடியாத உள்ளுணர்வோ துப்பறிகிறவருக்குக் கைகொடுக்கக்கூடாது. காலையில் பூசை வைக்கிற மனிதர்தான் இதை எழுதியிருக்கிறார்! உங்கள் பாதரும் தாராளமாகச் செபிக்கட்டும். ஆனால் முழங்காலில் இருந்து எழும்பும்போது, முன்பு கையில் இருந்ததைவிட ஒரு தடயம்கூடக் கூடியிருக்கக்கூடாது.

ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டனின் கதைகளில் துப்பறிகிற பிரவுண் பாதரை நீங்கள் வாசித்திருப்பீர்கள். 1910இல் வந்த முதல் கதையிலேயே, குருவானவர் வேடம் போட்ட திருடன் ஒருவனை அவர் பிடிக்கிறார். எப்படி? அவன் பேச்சுவாக்கில் பகுத்தறிவை மட்டம்தட்டிவிட்டான். உண்மையாக வேதம் படித்த குருவானவர் அப்படிப் பேசமாட்டார் என்பதுதான் பாதருடைய துப்பு.

சரி, மாமாவுக்கு வருவோம். அவர் கையில் இருக்கிற வேதாகமத்தில் முதல் குடும்பத்திலேயே ஒரு கொலை. கத்தோலிக்க வேதாகமத்தில் தானியேல் 13ஆம் அதிகாரத்தில் இன்னும் நல்ல சாமான் இருக்கிறது. சூசன்னா என்ற பெண் மீது கள்ளத்தொடர்புப் பழி சுமத்திய இரண்டு கிழவர்களைத் தானியேல் தனித்தனியாக நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று கேட்கிறான். ஆளுக்கொரு மரம் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். இன்றைக்கும் குறுக்கு விசாரணையில் இதைத்தானே செய்கிறார்கள்? மாமாவின் வேதாகமத்தில் தானியேல் 12ஆம் அதிகாரத்தோடு முடிந்துவிடும் என்பதால் அவருக்கு இதைக் காட்டிப் பயனில்லை.

அவருக்குக் காட்ட வேண்டியது 1 இராஜாக்கள் 21. நாபோத்தின் திராட்சைத் தோட்டம் ஆகாப் ராஜாவின் அரண்மனைக்குப் பக்கத்துக் காணி. ராஜா கேட்கிறான், முதுசக் காணியைத் தரமாட்டேன் என்கிறான் நாபோத். ராணி ராஜாவின் பெயரில் கடிதம் எழுதி, அவனுடைய முத்திரையைக் குத்தி, ஊர் மூப்பர்களுக்கு அனுப்புகிறாள். இரண்டு பொய்ச்சாட்சிகள் வருகிறார்கள். நாபோத்தைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். ராஜா காணி பார்க்கப் புறப்படுகிறான். நம்முடைய பக்கத்தில் காணி உறுதிக்காக அலைந்த எவருக்கும் இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

இதில் கொலைகாரர் யார் என்ற மர்மமே கிடையாது என்பதைக் கவனியுங்கள். கடிதத்தைப் பிரித்து வாசித்த மூப்பர் அத்தனை பேருக்கும் தெரியும். அப்படியிருந்தும், தோட்டத்தில் எலியா தீர்க்கதரிசியைக் கண்டதும் ஆகாப் கேட்கிறான், "என் பகைஞனே, என்னைக் கண்டுபிடித்தாயா?" எலியா சொல்கிறார், "கண்டுபிடித்தேன்." உங்கள் நாவலுக்கு வேண்டிய முழுவதும் இந்த இரண்டு வரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆங்கில மர்மக் கதையில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. துப்பறிகிறவர் எல்லோரையும் வரவேற்பறையில் கூட்டி ஒரு பெயரைச் சொல்வார், பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும், தேத்தண்ணீர் வரும். நமக்கு அது ஒட்டாது. 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில் மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்துக்குள் பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். கோயில் நிறையச் சனம். வழக்கு, குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 2021இல் விடுதலையானதோடு முடிந்தது. இப்படியான ஊரில் வளர்ந்த வாசகரிடம் போய், கொலை நடந்த இடத்தில் கிடந்த வெளிநாட்டுச் சிகரெட் துண்டை மூன்று அத்தியாயத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் துண்டைத் தூக்கி வாவியில் போடுங்கள். கொன்றது யார் என்பது ஊருக்குப் பாதியிலேயே தெரிந்துவிடட்டும். யார் முதலில் வாயைத் திறப்பது என்பதில் கதையை இறுக்குங்கள். விசுவாசத்துக்கு அங்கேதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழும்பி நின்று கர்த்தர் தனக்குச் செய்ததையெல்லாம் சாட்சி சொல்கிற மனிதர், திங்கட்கிழமை மரண விசாரணை அதிகாரிக்கு முன்னால் "நான் அன்றைக்கு வீட்டில் இல்லை" என்கிறார். அந்த மனிதரை எழுதுங்கள்.

பாதரை யார் நம்புவார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அவரைத் தவிர வேறு யாரை நம்புவது? குடிவழியில் எல்லோரும் எல்லோருக்கும் மாமன் மச்சான். பொலிஸுக்குச் சொன்னால் மச்சாளின் காதுக்குப் போகும். அந்தக் கிராமத்தில் யாருக்கும் சொந்தமில்லாத ஆள் பாதர் ஒருவர்தான். சில வருசத்தில் ஆயர் இடமாற்றிவிடுவார், அதனாலேயே சனம் அவரிடம் கொஞ்சம் துணிந்து கதைக்கும்.

தடயமும் அவர் பங்குமனை அலுமாரியிலேயே இருக்கிறது. கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேட்டில், அந்தப் பிள்ளை வளர்ந்து எந்த ஊர்க் கோயிலில் கலியாணம் முடித்தாலும் அறிவித்தல் வந்து, பெயருக்குப் பக்கத்தில் குறிக்கப்பட வேண்டும். சீதன வளவில் வந்து குடியிருக்கிற மாப்பிள்ளை, இருபது வருசத்துக்கு முன் வேறு ஊரில் வேறு பெண்ணின் கையைப் பிடித்தது அந்த ஓரத்தில் நீல மையில் கிடக்கலாம். இன்னொன்று, கண்ணீர் அஞ்சலிப் பனர். செத்தவரின் மருமக்கள் பெயர் வரிசையில் ஒரு பெயர் மட்டும் விடுபட்டிருந்தால் ஊர் அதை நின்று வாசிக்கும். உங்கள் பாதரும் சைக்கிளை நிறுத்தி வாசிக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை என்பது நாலாம் அத்தியாயத்தில் தெரிகிறது. பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஒருவர் குருவிடம் இரகசியமாகச் செய்யும் பாவ அறிக்கையில், கேட்டதை வைத்துப் பாதர் ஒரு வீட்டைச் சோதிக்கப் போகிறார். நடக்காது. கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பதோடு விசயம் முடியவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்தவருக்குப் பாதகமாக அந்த அறிவைப் பயன்படுத்தவும் திருச்சபைச் சட்டத்தில் தடை இருக்கிறது. கொலைகாரன் இந்தப் பாதரிடம் முழங்காலிட்டால் உங்கள் துப்பறிவாளருக்கு அந்த நிமிடமே கை கட்டப்பட்டுவிடும். அது வேண்டும் என்றால் வேண்டுமென்றே செய்யுங்கள். தெரிந்தும் வழக்கம்போல பூசையில் அவனுக்கு நற்கருணை கொடுக்க வேண்டிய பாதர் என்பது பெரிய கதை. வேண்டாம் என்றால் அவனைப் பக்கத்துப் பங்குக்கு அனுப்பிவிடுங்கள்.

கடைசி அத்தியாயக் குறிப்பில் பாதர் குற்றவாளியைப் பொலிஸில் ஒப்படைக்கிறார். பிரவுண் பாதர் ஒரு கதையில் அதைச் செய்வதில்லை. கோயில் கோபுரத்திலிருந்து சம்மட்டியைப் போட்டுச் சொந்த அண்ணனைக் கொன்றவர் ஒரு குருவானவர். எல்லாம் எனக்குத் தெரியும், நான் சொல்லமாட்டேன், முடிவு உன்னுடையது என்று பிரவுண் பாதர் விட்டுவிடுகிறார். கொன்றவர் கீழே இறங்கித் தானே போய்ச் சரணடைகிறார். எனக்கு அது பிடிக்கும். ஆனால் நம் ஊரில் அப்படி விட்டால் அடுத்த நாள் அவன் கட்டாருக்குப் பறந்துவிடுவான் என்ற சந்தேகமும் உண்டு. இதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

எதைத் தீர்மானித்தாலும், அவன் பொலிஸ் நிலையத்தில் அழுது எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதோடு வழக்கு முடிகிறது என்று மட்டும் எழுதாதீர்கள். பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை இலங்கை நீதிமன்றத்தில் அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அந்தப் பக்கத்தைத் தெரிந்த சட்டத்தரணி யாரிடமாவது காட்டிவிட்டு, திருத்தியதை எனக்கு அனுப்புங்கள்.