மூன்றாவதோ நான்காவதோ

கேள்வி: எனக்கு 36 வயது. கணக்குப் பிரிவில் வேலை, ஆனால் நாடகம்தான் உயிர். வேலையை விட்டுவிட்டுத் தனியாகச் சென்னைக்குப் போய் முழுநேரமும் எழுதலாம் என்றிருக்கிறேன். மனைவி சம்மதிக்க மறுக்கிறாள். பையன் மூன்றாவதோ நான்காவதோ படிக்கிறான், அவனுக்கு ஒரு குறையும் வராது. ஷேக்ஸ்பியரும் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் ஊரில் விட்டுவிட்டு லண்டன் போனவர்தானே? அவருடைய மனைவிக்கு இருந்த புரிதல் என் மனைவிக்கு ஏன் இல்லை?

பதில்: தம்பி, நாலு பக்கக் கடிதத்தில் நான் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். மூன்றாவதோ நான்காவதோ. உங்கள் கதாநாயகன் இரண்டாம் காட்சியில் எந்தப் பக்கமிருந்து மேடைக்கு வருகிறான் என்பதை ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள், பெற்ற பையன் எந்த வகுப்பு என்று தெரியவில்லை. ஒரே வீட்டில் இருக்கும்போதே இந்த லட்சணம் என்றால் சென்னைக்குப் போனபிறகு அவன் பெயராவது ஞாபகம் இருக்குமா?

சரி, ஷேக்ஸ்பியரை நீங்கள்தான் இழுத்தீர்கள். 18 வயதில் தன்னைவிட 8 வயது மூத்த ஆன் ஹாத்வேயைக் கட்டிக்கொண்டவர், 21 ஆவதற்குள் மூன்று பிள்ளைகளுக்கு அப்பா. அவருடைய அப்பா கையுறை செய்து விற்றவர், நன்றாக வாழ்ந்து கடனில் நொடித்தவர். லண்டனில் இவர் எழுதினார், நடித்தார், 1594இலிருந்து நாடகக் குழுவில் பங்குதாரர், 1599இல் கட்டிய குளோப் அரங்கிலும் பங்கு. நடுவில் பிளேக் வந்து அரங்குகளை மூடியபோது உட்கார்ந்து அழவில்லை, நெடுங்கவிதைகள் எழுதி ஒரு பிரபுவுக்குச் சமர்ப்பணம் செய்தார். 1597இல் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் நியூ பிளேஸ் என்ற வீட்டை வாங்கினார், ஊரிலேயே இரண்டாவது பெரிய வீடு. 1602இல் 320 பவுண்டுக்கு 107 ஏக்கர் நிலம். கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள், கணக்குப் பார்த்தவர் அவர்! உங்கள் நாலு பக்கத்தில் ரூபாய் என்ற வார்த்தையே இல்லை, மாதம் பிறந்தால் வீட்டு வாடகையை யார் கொடுப்பதாம்?

இவ்வளவு செய்தவரையும் என்னால் முழுசாக மன்னிக்க முடியவில்லை என்பது வேறு விஷயம். அவருடைய ஒரே மகன் ஹாம்னெட் 11 வயதில், 1596 ஆகஸ்டில் செத்துப்போனான். அந்தப் பெரிய வீடு வந்தது அடுத்த மே மாதம். பையன் அதில் ஒருநாள்கூட ஓடியாடவில்லை. அவனோடு இரட்டையாகப் பிறந்த ஜூடித், 1611இல் ஒரு பத்திரத்துக்குச் சாட்சியாகப் போனபோது பெயர் எழுதாமல் ஒரு கிறுக்கல் குறி போட்டாள். உலகத்துக்கே வசனம் எழுதிய மனுஷனின் மகள்! அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்பீர்கள். மூத்தவள் சூசனா கையெழுத்துப் போட்டிருக்கிறாளே.

அப்புறம் அந்தப் 'புரிதல்'. ஆன் எழுதியதாக ஒரு வரிகூட இன்றைக்கு இல்லை, அந்த அம்மாளுக்குப் புரிதல் இருந்ததாக உங்களிடம் யார் வந்து சொன்னது? கணவர் 1616இல் உயில் எழுதியபோது அந்த அம்மாள் பேருக்கு வைத்தது வீட்டின் இரண்டாவது நல்ல கட்டில். விதவைக்குச் சட்டப்படி தனியே பங்கு இருந்தது என்று படித்தவர்கள் சமாதானம் சொல்வார்கள், சொல்லிக்கொள்ளட்டும். வாய் திறக்காத பெண்டாட்டியைப் புரிந்துகொண்டவள் என்று கணக்கில் எழுதிக்கொள்வது ஆண்களுக்கு ரொம்ப நாள் பழக்கம். உங்கள் மனைவி வாய் திறந்து வேண்டாம் என்கிறார். எனக்கு அவரைத்தான் பிடித்திருக்கிறது.

ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன் என்கிறீர்களே, அதைக் கிழித்துப் போடுங்கள். பையன் தூங்கியபிறகு ராத்திரி இரண்டு மணி நேரம் எழுதுங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை. அதற்கு முன்னால், இன்றைக்கே, அவன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பாருங்கள். லேபிளில் பேருக்குக் கீழே இருக்கும். மனைவியிடம் கேட்கக் கூடாது. பார்த்துவிட்டு எனக்கு ஒரு கார்டு போடுங்கள், ஏ பிரிவா பி பிரிவா என்பதையும் சேர்த்து.