‘வெள்ளம்’ கேட்டால் தாகமா, பயமா?

ஒரே சொல் மலையாளத்தில் சாதாரணமாகவும் தமிழில் கலவரமாகவும் ஒலிப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்காரன். இங்கே ஒரு ஹோட்டலில், பதிமுகப் பட்டை போட்ட ரோஸ் நிற வெந்நீர் ஜக்கோடு வந்த சப்ளையர் “வெள்ளம் வேணோ?” என்றார், அதாவது தண்ணீர் வேண்டுமா என்று. பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த அத்தை, “வெள்ளமா? எங்கப்பா, ஆத்துலயா?” என்று பதறிவிட்டார்.

தமிழிலும் வெள்ளத்துக்கு நீர் என்ற பொருள் உண்டு. ‘வெள்ளத் தனைய மலர்நீட்டம்’ (குறள் 595) என்பது குளத்து நீரின் அளவைத்தான் சொல்கிறது. தண்ணீர் ஏற ஏறப் பூவின் தண்டும் நீளும். ஆனால் நம் காதுக்கு அந்தச் சொல் வருவது ஊர் மூழ்கும்போதுதான். 2015-இல் சென்னையில் மாட்டியவர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், முகமே மாறும். அகராதி அந்த முகத்தைக் காட்டாது.

மலையாளிக்கோ அது தினமும் தாகம் தீர்க்கிற சொல். பயத்துக்கு வேறு வைத்திருக்கிறார்கள்: கேரளம் மூழ்கிய 1924-இல் வந்தது ‘வெள்ளப்பொக்கம்’, 2018-இல் வந்தது ‘பிரளயம்’. நமக்குப் பிரளயம் என்றால் உலகமே முடிந்தது!

அப்புறம், ஒன்றில் மட்டும் எல்லையே இல்லை. நாம் ‘தண்ணி அடிப்பது’தான் அவர்களுக்கு ‘வெள்ளமடி’.